எடமாமே சமைக்க முழுமையான வழிகாட்டி: உப்புக் காயிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு வரை

சிங்கப்பூரில் எடமாமேயை, அதாவது பச்சைச் சோயாக் காயை, ஜப்பானிய உணவகத்தில் சின்னக் கிண்ணத்தில்தான் பலரும் முதலில் பார்த்திருப்போம். பச்சைக் காய், மேலே கல்லுப்பு, சாப்பாடு வரும்வரை கொறிக்க. வீட்டுக்கு ஒரு பாக்கெட் வாங்கி வந்தால் அதையே ஒருமுறை செய்து பார்க்கிறோம். மீதி ஃபிரீசரின் மூலையில், மீன் துண்டங்களுக்கு அடியில் கிடக்கிறது. என்ன செய்வதென்று தெரியாததால்தான் இந்தக் கதி. இதை ஜப்பானியச் சாமானாகவே நினைப்பதும் ஒரு காரணம்.

நம் சமையலில் இதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. பச்சை மொச்சை, பச்சைத் துவரை, பச்சைப் பட்டாணி எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் எடமாமேயும் போகும். சுண்டல், குழம்பு, பொரியல், துவையல் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். ஒரே ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாக்கெட்டில் வரும் எடமாமே ஏற்கெனவே முக்கால் வேக்காடு வெந்தது. மொச்சையை முதலில் போடுவோம், இதைக் கடைசியில் போட வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாச் சமையலும் இந்த ஒரு விதியை ஒட்டித்தான் போகிறது.

இது என்ன பயறு

சோயா மொச்சைதான். முற்றிக் காய்ந்தால் தௌ குவா, தொஃபு, டெம்பே, சோயா பால் எல்லாம் ஆகிற அதே பயறு. முற்றுவதற்கு முன், காய் பச்சையாகவும் பயறு பால்பிடித்துத் திரண்டும் இருக்கும்போது பறித்தால் எடமாமே. சீனர்கள் இதை மாவ் தௌ என்பார்கள். ஜப்பானில் 1275ஆம் ஆண்டிலேயே நிச்சிரேன் என்ற புத்தத் துறவி, ஒருவர் கொடுத்தனுப்பிய எடமாமேக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார். பழைய சாப்பாடுதான், நம் வீட்டு அடுப்புக்குத்தான் புதிது.

உரித்து வேகவைத்த 100 கிராம் பயறில் ஏறக்குறைய 12 கிராம் புரதமும் 5 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. சுமார் 120 கலோரி. ஃபோலேட் என்ற வைட்டமினும் தாராளமாக உண்டு. நம் உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத 9 அமினோ அமிலங்களும் இதில் இருக்கின்றன. சைவச் சாப்பாட்டு வீடுகளில் ‘புரதத்துக்கு என்ன செய்வது’ என்ற கேள்விக்கு இது நல்ல பதில். எடை குறையும், சர்க்கரை இறங்கும் என்றெல்லாம் வாட்சாப்பில் சுற்றுவதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நல்ல பயறு, அவ்வளவுதான்.

கடையில் எதை எடுப்பது

ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் போன்ற பேரங்காடிகளில் உறைந்த காய்கறி இருக்கும் பகுதியில், பட்டாணிக்கும் மக்காச்சோளத்துக்கும் பக்கத்தில் தேடுங்கள். 2017 டிசம்பரில் ஆர்ச்சர்டில் டோன் டோன் டோங்கி என்ற ஜப்பானியப் பேரங்காடியின் முதல் கிளை திறந்த பிறகு ஜப்பானியச் சாமான் தேடி அலைய வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் தைவான், சீனா, தாய்லாந்து என்று விளைந்த இடம் போட்டிருக்கும். தைவானின் தென்பகுதி, குறிப்பாகக் காவ்சியுங், பிங்துங் வட்டாரங்கள், ஜப்பானுக்கே எடமாமே ஏற்றுமதி செய்கிற இடங்கள். அங்கிருந்து வந்தது கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

பாக்கெட் இரண்டு வகை. காயோடு இருப்பது ஒன்று, உரித்த பயறு இன்னொன்று. கொறிப்பதற்குக் காய்; சமையலுக்கு உரித்தது. காயை வாங்கி உரித்தால் எடையில் பாதிதான் தேறும். 500 கிராம் காயிலிருந்து ஏறத்தாழ 250 கிராம் பயறு வரும். விலையை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உரித்த பாக்கெட் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் பல நேரம் அதுதான் மலிவு.

வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்:

1. பாக்கெட்டை ஆட்டிப் பாருங்கள். பயறு தனித்தனியாகச் சலசலக்க வேண்டும். கட்டியாக இறுகியிருந்தால் வழியில் எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. வேண்டாம்.
2. சேர்மானப் பட்டியலில் உப்பு இருக்கிறதா என்று படியுங்கள். உப்புப் போட்டதையும் போடாததையும் ஒரே அலமாரியில்தான் அடுக்குகிறார்கள். உப்பிட்டதை வாங்கிவந்து குழம்பில் போட்டால் குழம்பு கெட்டது.
3. உள்ளே பனித்தூள் அதிகமாக இருந்தால் பழைய சரக்கு.

புதுக் காய் எப்போதாவது ஜப்பானியக் கடையிலோ ஈரச்சந்தையிலோ கண்ணில் படும். பறித்த நேரத்திலிருந்தே இனிப்பு குறையத் தொடங்கிவிடும் காய் இது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள், வாங்கிய அன்றே வேகவைத்துவிடுங்கள். மேல்தோலில் பூனைமயிர் போன்ற சுணை இருந்து, காய் பளிச்சென்று பச்சையாக இருந்தால் நல்லது. மஞ்சள் பாய்ந்திருந்தால் முற்றல்.

முதல் படி: வேகவைப்பது

பச்சையாகத் தின்னக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகாத சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது; சூடு பட்டால்தான் அது அடங்கும். வயிறு உப்பி வலிக்கும் என்பதோடு ருசியும் வராது, பச்சை வாடைதான் அடிக்கும்.

*புதுக் காய் என்றால்:* 250 முதல் 300 கிராம் காய்க்கு 1 லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு. உப்பு மிக அதிகம்போலத் தெரியும். பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும்.

முதலில் காயின் இரு நுனியையும் கத்தரிக்கோலால் துளி வெட்டிவிடுங்கள். நுனி திறந்திருந்தால்தான் உப்புத் தண்ணீர் உள்ளே போகும். இந்த வேலை சலிப்பானது. கைக்கு உதவி இருந்தால் கொடுத்துவிடுங்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். பிறகு எடுத்துவைத்த உப்பில் மூன்றில் ஒரு பங்கைக் காயின் மேல் கொட்டி, இரண்டு கையாலும் நன்றாகத் தேய்க்க வேண்டும். சுணை உதிர்ந்து உப்போடு சேர்ந்து பச்சைச் சாறு கையில் ஒட்டும். அதுதான் அடையாளம். கழுவ வேண்டாம். மீதி உப்பைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, தளதளவென்று கொதிக்கும்போது காயைக் கொட்டுங்கள். மூடி போடக்கூடாது. மூடினால் காயிலிருந்து வரும் ஆவியிலுள்ள புளிப்பு திரும்பத் தண்ணீரில் விழுந்து பச்சை நிறத்தைப் பழுப்பாக்கும். 4 நிமிடம் ஆனதும் ஒரு காயை எடுத்துப் பிதுக்கிக் கடித்துப் பாருங்கள். பல்லில் சின்னதாக ஓர் எதிர்ப்பு இருக்க வேண்டும். இன்னும் நறுக்கென்று இருந்தால் ஒரு நிமிடம் கூடுதல். மாவாக மசிந்தால் தாண்டிவிட்டது.

*உறைந்த காய் என்றால்:* வேலை பாதிக்கும் குறைவு. ஆலையில் கொதிநீரில் போட்டு எடுத்துத்தான் உறைய வைக்கிறார்கள். கொதிக்கும் தண்ணீரில் நேராக ஃபிரீசரிலிருந்து கொட்டி, மறுபடி கொதி வந்ததும் 2 முதல் 3 நிமிடம். மைக்ரோவேவில் செய்வதானால் ஒரு கிண்ணத்தில் காயையும் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரையும் போட்டு, தட்டால் லேசாக மூடி, 3 நிமிடம் வைத்துக் கிளறிப் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு நிமிடம். உரித்த பயறுக்கும் இதே கணக்குத்தான், ஆனால் 2 நிமிடமே போதும். பாக்கெட்டில் வேறு நேரம் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

வடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் போடலாமா? புதுக் காயைப் போடாதீர்கள். நுனி வெட்டிய வழியாகத் தண்ணீர் புகுந்து ருசியைக் கழுவிக்கொண்டு போய்விடும். அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். பரப்புவது அதனால்தான் முக்கியம்.

பிரஷர் குக்கரை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். காய்ந்த கொண்டைக்கடலைக்குப் போடுகிற மாதிரி விசில் விட்டால் கூழ்தான் கிடைக்கும்.

உரிப்பதற்குத் தனிப் பாடம் வேண்டியதில்லை. காயின் ஒரு பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தினால் பயறு தெறித்து வெளியே வரும். பாத்திரத்தின் மேல் பிடித்து அழுத்துங்கள், இல்லாவிட்டால் சோபாவுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். பயறின் மேலுள்ள மெல்லிய தோலை எடுக்க வேண்டாம். துவையலுக்கு மட்டும், பொறுமை இருந்தால் எடுக்கலாம். காயின் மேல்தோல் தின்பதற்கல்ல, நார். அதைக் கழுவுதொட்டியில் விடாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

தோசைக்கல்லில் சுட்ட காய்

கொறிக்கிற காயை அவித்துத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. எனக்குப் பிடித்தது இரும்புத் தோசைக்கல்லில் சுடுவதுதான். ஜப்பானிலும் காயைச் சுட்டுச் சாப்பிடும் வழக்கம் உண்டு. நம் வீட்டில் அதற்குப் பொருத்தமான கருவி ஏற்கெனவே இருக்கிறது.

உறைந்த காயை ஒருமணி நேரம் வெளியே வைத்துப் பனி விட்டதும் துணியால் ஈரம் ஒற்றுங்கள். தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவி, காயை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கிளறாதீர்கள். 3 நிமிடத்தில் அடிப்பக்கம் கருகல் புள்ளிகள் விழும். திருப்பிப் போட்டு இன்னொரு 3 நிமிடம். சில காய்கள் ‘பட்’டென்று வாயைத் திறக்கும். இறக்கியதும் சூட்டோடு கல்லுப்பு, இட்லிப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, அரை மூடி லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) சாறு போட்டுக் குலுக்குங்கள்.

இட்லிப் பொடி எதற்கு என்று கேட்பீர்கள். காயைச் சாப்பிடும்போது தோலை உதட்டில் வைத்துத்தான் பயறை இழுக்கிறோம். மேலே இருப்பது எதுவோ அதுதான் நாக்கில் முதலில் படும். நைசான மிளகாய்த்தூள் தோலோடு போய்விடும். கொரகொரப்பான பொடி எண்ணெயில் ஒட்டிக்கொண்டு பயறோடு வரும். இதே காரணத்துக்காகத்தான் தூள் உப்பை விடக் கல்லுப்பு. பொடியில் உப்பு இருந்தால் கல்லுப்பைக் குறைத்துவிடுங்கள். ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. கொறிக்கும்போது கணக்குத் தெரியாமல் உள்ளே போவது உப்புத்தான்.

சுண்டல்

நவராத்திரிக்கு ஒன்பது நாளும் ஒவ்வொரு பயறாகச் செய்கிறவர்கள் இதை ஒருநாள் சேர்த்துக்கொள்ளலாம். முதல்நாள் இரவு ஊறப்போட மறந்துவிட்டால் இதைவிடக் கைகொடுப்பது வேறில்லை. வேலைவிட்டு வந்து 15 நிமிடத்தில் முடித்துவிடலாம்.

வேண்டியவை: உரித்த எடமாமே 250 கிராம், துருவிய தேங்காய் 4 மேசைக்கரண்டி, பச்சைமிளகாய் 2, இஞ்சி ஒரு அங்குலம், கடுகு ஒரு தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு கொத்து, பெருங்காயம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு, எலுமிச்சை அரை மூடி.

1. பயறைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு வடித்து, தட்டில் பரப்பி ஆவி போகவிடுங்கள். ஈரத்தோடு போட்டால் சுண்டல் சொதசொதக்கும்.
2. தேங்காய், பச்சைமிளகாய், இஞ்சி மூன்றையும் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் ஒரே சுற்று. நைசாக அரையக்கூடாது, கொரகொரப்பாக உடைந்தால் போதும்.
3. எண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடித்து, உளுந்து பொன்னிறமானதும் மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம்.
4. பயறையும் உப்பையும் போட்டு, பெரிய தீயில் ஒரே நிமிடம் புரட்டுங்கள்.
5. தேங்காய்க் கலவையைச் சேர்த்து அடுப்பை அணைத்துவிட்டுக் கிளறுங்கள். சூடே போதும்.
6. எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழியுங்கள். முன்கூட்டிப் பிழிந்தால் புளிப்புப் பட்ட பச்சை, ராணுவச் சட்டை நிறத்துக்கு மாறிவிடும்.

தேங்காய்க்குத் தேக்காச் சந்தையில் கண்ணெதிரே துருவித் தருவதுதான் எனக்குத் திருப்தி. பொட்டலத் தேங்காய்ப்பால் பொடி சுண்டலுக்கு உதவாது. மாங்காய் கிடைக்கும் காலத்தில் பொடியாக அரிந்து ஒரு கைப்பிடி சேர்த்தால் எலுமிச்சையே தேவையில்லை.

இந்தச் சுண்டலைக் காலையில் செய்து பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டுக் கூடையில் கொடுப்பதானால் தேங்காயை விட்டுவிடுங்கள். நம் வெயிலுக்குத் தேங்காய் மதியத்துக்குள் வாடை தட்டும்.

நெத்திலிச் சம்பல்

சிங்கப்பூர்ச் சமையலறையில் பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) இல்லாத வீடு குறைவு. இந்தச் சம்பல் பெத்தாய் பயறுக்கும் நீட்டு அவரைக்கும் செய்கிற அதே வகைதான். எடமாமேயின் மெல்லிய இனிப்பு காரத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

நெத்திலி 50 கிராமைத் தலை கிள்ளி, தண்ணீரில் ஒரு அலசு மட்டும் அலசி, துணியில் பரப்பிக் காயவிடுங்கள். ஊறவிட்டால் மொறுமொறுப்பு வராது. காய்ந்த மிளகாய் 8 (சுடுநீரில் ஊறவைத்தது), சின்ன வெங்காயம் 6, பூண்டு 2 பல், சுட்ட பெலாச்சான் ஒரு தேக்கரண்டி இவற்றை அரைத்துக்கொள்ளுங்கள். பெலாச்சானை வெறும் சட்டியில் சுட்டால் மாடி முழுக்க மணக்கும். வெள்ளித்தாளில் தட்டையாக மடித்து, இருபக்கமும் ஒவ்வொரு நிமிடம் கல்லில் வைத்து எடுத்தால் வாசனை அடங்கியிருக்கும், பக்கத்து வீட்டாரும் அமைதியாக இருப்பார்கள்.

வாணலியில் 4 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான தீயில் நெத்திலியைப் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துத் தனியே வையுங்கள். அதே எண்ணெயில் அரைத்த விழுதைப் போட்டு, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை வதக்க வேண்டும். 6 முதல் 8 நிமிடம் பிடிக்கும். இங்கே அவசரப்பட்டால் மிளகாயின் பச்சை நெடி கடைசிவரை போகாது. விழுதின் நிறம் செங்கல் நிறத்திலிருந்து கறுஞ்சிவப்புக்கு மாறி, கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து மெதுவாக மூடிக்கொள்ளும். அப்போது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டிக் கெட்டிப் புளிக்கரைசலும். உப்பு வேண்டாம், பெலாச்சானிலும் நெத்திலியிலும் இருப்பதே மிச்சம்.

இனிப் பயறு. உறைந்ததை நேராகக் கொட்டினால் எண்ணெய் தெறித்துக் கையைச் சுடும், சம்பலும் நீர்த்துவிடும். முன்பே பனி விட்டு, துணியில் ஒற்றிய 250 கிராம் பயறைப் போட்டு, பெரிய தீயில் 3 நிமிடம் புரட்டுங்கள். இறக்குவதற்கு முன் நெத்திலியைச் சேருங்கள். வெள்ளைச் சோறு, ஒரு பொரித்த முட்டை, வெள்ளரிக்காய் நான்கு துண்டு இருந்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. சைவம் என்றால் நெத்திலியையும் பெலாச்சானையும் விட்டுவிட்டு, டெம்பேயைச் சின்னத் துண்டாக்கிப் பொரித்துப் போடுங்கள். விழுதில் உப்பும் ஒரு தேக்கரண்டி தௌச்சோவும் (புளிக்கவைத்த சோயா விழுது) சேர்த்தால் அந்த ஆழம் ஓரளவு வரும்.

கத்தரிக்காய்க் குழம்பு

தை மாதம் என்றாலே பச்சை மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு நினைவுக்கு வருகிறவர்களுக்காக இது. பச்சை மொச்சை இங்கே நினைத்த நாளில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உரிக்க அரைநாள் போகும். எடமாமே அதே ருசி தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொச்சையின் அந்த லேசான கசப்பு மணம் இதில் இல்லை. ஆனால் குழம்பில் கடிபடும் விதம் மிக நெருக்கம்.

நான்கு பேருக்கு: உரித்த எடமாமே 200 கிராம், சின்னக் கத்தரிக்காய் 5, சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், தக்காளி 2, எலுமிச்சை அளவு புளி, குழம்பு மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள், நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, கடுகு, வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, தேங்காய் 3 மேசைக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி.

புளியை ஒன்றரைக் கோப்பைச் சுடுநீரில் ஊறவையுங்கள். கத்தரிக்காயைக் காம்போடு நான்காகக் கீறி உப்புத் தண்ணீரில் போடுங்கள். தேங்காயையும் சோம்பையும் நைசாக அரைத்து எடுத்துவையுங்கள்.

பாதி எண்ணெயில் கத்தரிக்காயைத் தோல் சுருங்கும்வரை வதக்கி எடுத்துவிடுங்கள். இது கூடுதல் வேலைதான். ஆனால் இப்படி வதக்கிய கத்தரிக்காய் குழம்பில் கரையாமல் முழுதாக நிற்கும். மீதி எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் போட்டு நிறம் மாறும்வரை வதக்குங்கள். தக்காளி குழைந்ததும் தூள்களைச் சேர்த்து, கருகாமல் அரை நிமிடம் கிளறி, புளிக்கரைசலை வடிகட்டி ஊற்றுங்கள். உப்பு.

இப்போது 10 நிமிடம் கொதிக்க வேண்டும். புளியின் பச்சை வாசனை போய், மேலே எண்ணெய் மிதக்கத் தொடங்கும். கத்தரிக்காயைச் சேர்த்து இன்னொரு 5 நிமிடம். தேங்காய் விழுதைக் கரைத்து ஊற்றி, தீயைக் குறையுங்கள்.

மொச்சையாக இருந்தால் புளி ஊற்றும் முன்பே தனியாக வேகவைத்துச் சேர்த்திருப்போம். எடமாமேக்கு இதுதான் நேரம். இங்கே ஒரு சிக்கல் வரும்: கடைசி 4 நிமிடத்தில் போட்ட பயறில் புளியும் காரமும் எப்படி ஏறும்? இரண்டு காரியம் செய்யுங்கள். பயறில் ஒரு கைப்பிடியைக் கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக நசுக்கிச் சேருங்கள். அது குழம்போடு கலந்து கெட்டித்தன்மையும் பயறு மணமும் கொடுக்கும். மீதியை முழுதாகப் போட்டு 4 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி அரைமணி நேரம் தொடாமல் வையுங்கள். ஆறும்போதுதான் பயறு குழம்பை உள்ளே இழுக்கும். சமைத்த உடனே ருசித்துப் பார்த்து ‘சப்பென்று இருக்கிறதே’ என்று உப்பை அள்ளிப் போடாதீர்கள்.

நிறம் மங்கும். புளிக்குழம்பில் எந்தப் பச்சையும் பச்சையாக நிற்காது, அதற்குக் கவலை வேண்டாம். ஒரு துளி வெல்லம் கடைசியில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். போடாதவர்கள் போட வேண்டாம்.

சோறும் துவையலும்

ரைஸ் குக்கரில் இரண்டு கோப்பை அரிசி போட்டு, நெய்யில் பட்டை, கிராம்பு, வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கிச் சேர்த்து, வழக்கமான தண்ணீரில் வைத்துவிடுங்கள். ‘கிளிக்’ என்று பொத்தான் மேலே வந்ததும் மூடியைத் திறந்து, பனி விட்ட பயறு ஒரு கோப்பையைச் சோற்றின் மேல் தூவி உடனே மூடுங்கள். 10 நிமிடம் கழித்துக் கிளறினால் பயறு சூடாகி, பச்சை நிறத்தோடு, முழுசாக இருக்கும். அரிசியோடு சேர்த்தே வேகவிட்டால் பழுப்பேறிக் குழைந்துவிடும். தயிர்ப் பச்சடி போதும்.

துவையலுக்கு, வெந்த பயறு ஒரு கோப்பை, பச்சைமிளகாய் 2, துண்டு இஞ்சி, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, தேங்காய் 2 மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவில் பாதி புளி, உப்பு. கொரகொரப்பாக அரைத்துத் தாளித்தால் தோசைக்கும் தயிர்சாதத்துக்கும் ஆகும். பயறு வெந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். புதுக் காயைப் பச்சையாக உரித்து அரைத்தால், சோயாவில் இருக்கும் ஒரு நொதி காற்றும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்ததும் வேலை செய்து, புல் வாடையைக் கிளப்பிவிடும். பிறகு எவ்வளவு தாளித்தாலும் போகாது. சூடு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. ரொட்டியில் தடவவும் நன்றாக இருக்கும். அதற்குப் புளிக்குப் பதில் எலுமிச்சை.

யாருக்கு ஆகாது, எப்படி வைப்பது

சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது அறவே கூடாது. தொஃபு ஒத்துக்கொள்ளாதவர்கள் ‘இது பச்சைக் காய்தானே’ என்று ஏமாறக்கூடாது, இரண்டும் ஒரே பயறு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் சில மணி நேர இடைவெளி விட வேண்டும். சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் திடீரென்று தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடத் தொடங்காமல், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதில் வைட்டமின் கே இருக்கிறது.

ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு முழுப் பயறாகக் கொடுக்காதீர்கள். உருண்டு, வழுவழுப்பாக இருப்பதால் தொண்டையில் சிக்கும். நசுக்கித் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்தால் விரும்பிச் சாப்பிடுவார்கள். பாட்டி தாத்தாவில் பல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் அதே வழிதான்.

பாக்கெட்டைத் திறந்ததும் வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மீதியை உடனே உள்ளே வையுங்கள். காற்றை அமுக்கி வெளியேற்றி, ரப்பர் பேண்டு போடுவதைவிட மூடிப்பிடிக்கும் பையில் மாற்றினால் பனித்தூள் படியாது. 200 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து வைப்பது என் வழக்கம். அது ஒரு குழம்புக்குச் சரியாக இருக்கும். உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். முன்கூட்டிப் பனி விடச் செய்வதானால் இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். அவசரமென்றால் வடிகட்டியில் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் பிடியுங்கள்.

சமைத்த பயறு மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் 2 நாள் நன்றாக இருக்கும், குழம்பு 3 நாள். தேங்காய் போட்ட சுண்டலை மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். மீந்துபோன சுண்டலை மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிடுவதைவிட, கரண்டியால் ஒன்றிரண்டாக மசித்து, அடை மாவிலோ கோதுமை ரொட்டிக்குள் வைக்கும் பூரணத்திலோ சேர்த்துவிடுவது மேல். உப்பும் காரமும் அதிலேயே இருப்பதால் மாவுக்கு உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.